பேட்டரி ரயில் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் தண்டவாளத்தைத் தேர்ந்தெடுங்கள்

பேட்டரியில் ஓடும் பொம்மை ரயில்களைச் சேர்க்கவும், பிரித்து மாற்றியமைக்கவும் ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த எஞ்சினை வாங்கலாம்?" என்பதுதான். "எந்தத் தண்டவாளத்தில் ஓட்டப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். எஞ்சின் அலுத்துவிட்டால் விற்றுவிடலாம்; உடைந்தால் உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தண்டவாளம் அப்படியில்லை. வளைவும் நேர்த்துண்டும் பிரிவும் பாலமுமாக ஒரு கூடை நிறையச் சேர்ந்துவிட்டால், அடுத்து வாங்கும் ஒவ்வொன்றையும் அந்தக் கூடைதான் தீர்மானிக்கும். நடுவில் மாறினால் செலவு இரட்டிப்பாகும். மாறாமலிருந்தால் ஆசைப்பட்ட எஞ்சின் ஓடாது.

பெரியவர்கள் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளும் மோட்டார் பொம்மை ரயில்களில் முக்கியமானவை நான்கு: ஜப்பானின் பிளாரெயில், தாமஸ் என்ற கார்ட்டூன் எஞ்சினின் கதாபாத்திரங்களுக்கான டிராக்மாஸ்டர், லெகோ ரயில், பிரியோ போன்ற மரத் தண்டவாள ரயில். நான்குமே நல்லவைதான். ஆனால் நான்கும் ஒரே ஆளுக்குப் பொருந்தாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் தொடர்ச்சி. இருபது ஆண்டுக்கு முன் வந்த தண்டவாளத்தோடு இன்று கடையில் கிடைப்பது இணையுமா? சேகரிப்பாளருக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. பழையதும் புதியதும் ஒன்றாக ஓடும்போதுதான் அது சேகரிப்பு. ஓடாவிட்டால் இரண்டு தனித்தனிக் குவியல்கள்தான் மிஞ்சும்.

இரண்டாவது, எவ்வளவு எளிதாகப் பிரிக்க முடிகிறது என்பது. ஸ்க்ரூவைக் கழற்றினால் திறக்கிறதா, பசையிட்டு ஒட்டியிருக்கிறதா? உள்ளே இருக்கும் மோட்டார் பரவலாகக் கிடைக்கும் அளவா, அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியதா? மூன்றாவது, செய்த மாற்றத்தைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பது. பெயின்ட் அடித்தால் திரும்ப முடியாது. மோட்டாரை மாற்றினால் பழையதை எடுத்துவைத்துத் திரும்பப் பொருத்தலாம். நான்காவது இடம். வட்டத்தின் குறுக்களவு எவ்வளவு என்பது வீட்டிலுள்ள தரையோடு நேரடியாகத் தொடர்புடையது. ஐந்தாவது, விலைச்சீட்டில் தெரியாத செலவுகள். இவற்றைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள் என்பதால் கீழே தனியாகவே விரித்து எழுதியிருக்கிறேன்.

எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை நான் அளவுகோலாக வைக்கவில்லை. எதையும் வேகமாக ஓட்டிவிடலாம். வளைவில் கவிழாமல் ஓட்டுவதுதான் கடினம்.

## பிளாரெயில்

இன்றைய டகாரா டோமி நிறுவனத்தின் முன்னோடி 1959-இல் கையால் தள்ளி விளையாடும் பிளாஸ்டிக் ரயிலாக இதைக் கொண்டுவந்தது. 1961-இல் மோட்டார் சேர்ந்தது. நீலத் தண்டவாளம்தான் இதன் அடையாளம். சக்கரம் ஓடும் தடங்களுக்கு இடையே 38 மி.மீ. அகலம். தொடக்கத்திலிருந்து இன்றுவரை தண்டவாளத்தின் அளவும் இணைப்பும் மாறவில்லை என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். தாத்தா காலத்து நீலத் துண்டை நேற்று வாங்கிய துண்டோடு செருகலாம். பொம்மை உலகில் இப்படி ஓர் ஒழுங்கை அறுபது ஆண்டுக்கு மேல் காப்பாற்றுவது சாதாரணமான காரியமில்லை.

எட்டு வளைவுத் துண்டுகள் சேர்ந்தால் ஒரு வட்டம். அது அரை மீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். ஒரு சிறு மேசையில் வட்டமும், கட்டிலுக்கடியில் ஒரு நீள்வட்டமும் போட்டுப் பார்க்கலாம். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு நான்கில் இதுவே முதல் தேர்வு.

இனி உள்ளே பார்ப்போம். வழக்கமான தொகுப்பில் மூன்று பெட்டிகள் இருக்கும், மோட்டார் முன்பெட்டியில். பழைய வண்டிகளில் பருத்த சி அளவு பேட்டரி, பின்னால் வந்தவற்றில் ஒரே ஒரு ஏஏ பேட்டரி. ஸ்க்ரூவைத் தளர்த்தினால் மேல்கூடு தனியே வந்துவிடும். கீழே இருக்கும் அடிச்சட்டத்தில் பேட்டரி, மோட்டார், பல்சக்கரத் தொகுதி எல்லாம் வரிசையாகத் தெரியும். பலவற்றில் மோட்டார் 130 வகையைச் சேர்ந்தது: சுமார் 25 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 15 மி.மீ. தடிமன், 2 மி.மீ. அச்சு. பொம்மைக் கார்களிலும் பள்ளி அறிவியல் செய்முறைகளிலும் காணப்படும் அதே மோட்டார். டாமியா மினி 4 டபிள்யூ.டி. பந்தயக் கார்களுக்காக விற்கப்படும் விதவிதமான மோட்டார்களும் இதே உடல் அளவில்தான் வருகின்றன. மாற்றியமைப்பவர்கள் பிளாரெயிலைச் சுற்றியே திரள்வதற்கு இதுவே காரணம்.

இதனால் கிடைக்கும் இன்னொரு வசதி, ஒரே அடிச்சட்டத்தின்மேல் பல மேல்கூடுகள் அமர்வது. ஷிங்கான்சென் (ஜப்பானின் அதிவேக ரயில்) ஒன்றின் மோட்டார் இறந்துவிட்டால், அதே வகை அடிச்சட்டமுள்ள இன்னொரு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்திவிடலாம். மேல்கூடு மட்டும் பிடித்திருந்தால், ஓடாத வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கினால் போதும். எல்லா அடிச்சட்டமும் எல்லாக் கூட்டுக்கும் பொருந்திவிடாது. சி பேட்டரிக் காலத்து வண்டியும் ஏஏ காலத்து வண்டியும் உள்ளே வேறுவேறு. ஆனால் ஒரே காலத்தவை தங்களுக்குள் ஒத்துழைப்பது அதிகம்.

குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. பிளாரெயில் பெட்டிகள் உண்மை ரயிலின் அளவுவிகிதத்தில் இல்லை. நீளத்தை நறுக்கி, உயரத்தைக் கூட்டி, மூன்று பெட்டியில் ஒரு ரயிலின் முகத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு அந்தக் குட்டித்தனமே பிடிக்கும். பதினாறு பெட்டி நீளத்தின் கம்பீரம் வேண்டுமென்பவருக்கு இது சில மாதங்களில் சலித்துவிடும். அடுத்த குறை, ஜப்பானுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தபால் செலவு. தண்டவாளம் எடை குறைவானது, ஆனால் இடத்தை அடைக்கும். பொட்டலத்தின் பருமனுக்கும் சேர்த்துத்தான் கட்டணம். கூடவே, பெரும்பாலான வண்டிகள் ஜப்பானிய ரயில்கள். அந்த ரயில்கள்மேல் ஆர்வம் இல்லாதவருக்குத் தேர்வு சுருங்கிவிடும்.

திறந்து பார்க்கவேண்டும், சரிசெய்யவேண்டும், ஒன்றை இன்னொன்றில் பொருத்திப் பார்க்கவேண்டும் என்று கை துறுதுறுப்பவருக்கு, இடமும் குறைவாக இருந்தால், வேறு யோசனையே வேண்டாம்.

## தாமஸ் டிராக்மாஸ்டர்

கதாபாத்திரங்கள்மேல் உள்ள பாசத்தால் வருகிறவர்கள் இங்கே வருகிறார்கள். சிறுவயதில் பார்த்த நீல எஞ்சினின் முகத்துக்கு முன்னால் மற்ற அளவுகோல்கள் நிற்காது. அதில் தவறும் இல்லை. ஆனால் இந்த வகையில் நுழைகிறவர் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொண்டே நுழைய வேண்டும்.

டோமி தயாரித்த மோட்டார் தாமஸ் ரயில்கள் பிளாரெயில் அளவிலேயே இருந்தன. 2007-இல் டிராக்மாஸ்டர் என்ற பெயர் வந்தபோது தண்டவாளத்தின் நிறம் நீலத்திலிருந்து பழுப்புக்கு மாறியது, அளவு தொடர்ந்தது. 2014-இல் பொம்மை நிறுவனமான ஃபிஷர்-பிரைஸ் முழு வரிசையையும் புதிதாக வடிவமைத்தது. தண்டவாள இணைப்பு மாறியது, எஞ்சின்கள் சற்றுச் சிறுத்தன. பழையதையும் புதியதையும் இணைக்கத் தனி மாற்றுத்துண்டு தேவைப்பட்டது. பிறகு 2021-இல் வந்த புதிய கார்ட்டூன் தொடருக்கேற்ப உருவங்களே வேறாயின.

ஆக, "தாமஸ் சேர்க்கிறேன்" என்று யாராவது சொன்னால் எந்தக் காலத்துத் தாமஸ் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பழைய சரக்கை மொத்தமாக ஒரு பையில் போட்டு விற்பவர்கள் மூன்று காலத்தையும் கலந்துதான் விற்பார்கள். பழுப்புத் துண்டும் நீலத் துண்டும் ஒன்றோடொன்று சேரும். 2014-க்குப் பிந்தையது அவற்றோடு நேரடியாகச் சேராது. படத்தில் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் பாதிப் பை பயன்படாமல் போகும். இணைப்பு நாக்கின் வடிவம் தெரியும் நெருக்கப் படத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

என் தீர்ப்பு இது: தாமஸ் வேண்டும், ஆனால் மாற்றியமைக்கவும் வேண்டும் என்றால், ஜப்பானில் 1992 முதல் வந்துகொண்டிருக்கும் பிளாரெயில் தாமஸையோ, 2014-க்கு முந்தைய வண்டிகளையோ தேடுங்கள். பாசமும் கிடைக்கும், நீலத் தண்டவாளத்தின் தொடர்ச்சியும் கிடைக்கும். 2014-க்குப் பிந்தைய வரிசை ஒரு சூழலில் மட்டும் மேலானது: கடையில் எளிதில் கிடைக்கிறது, வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்தே வாங்குகிறீர்கள், பழையதைத் தேடி அலைய நேரமில்லை என்றால் தாராளமாக அதையே எடுங்கள். அப்போது அதிலேயே நில்லுங்கள், பழையதைக் கலக்காதீர்கள்.

## லெகோ ரயில்

லெகோவின் கதை இதற்கு நேர்மாறானது. 1966-இல் 4.5 வோல்ட் பேட்டரி ரயில் வந்தது. 1969-இல் 12 வோல்ட். 1991-இல் உலோகத் தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் 9 வோல்ட். 2006-இல் ரிமோட்டில் ஓடும் ரயில். 2009-இல் பவர் ஃபங்ஷன்ஸ் என்ற மின்சாரத் தொகுப்பு. 2018-இல் புளூடூத் வழி இயங்கும் பவர்டு அப். 1991-இல் அமைந்த தண்டவாள வடிவம் அப்படியே தொடர்கிறது. 9 வோல்ட் காலத்து உலோகத் துண்டும் இன்றைய பிளாஸ்டிக் துண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். மின்சாரப் பகுதிதான் மாறிக்கொண்டே வந்தது. பவர் ஃபங்ஷன்ஸ் இணைப்பி பவர்டு அப் மையத்தில் (பேட்டரியும் கட்டுப்பாடும் உள்ள பெட்டி) நேரடியாக நுழையாது. பழைய மோட்டார் கையில் வைத்திருப்பவர் புதிய கட்டுப்பாட்டுக்கு மாறினால் மோட்டாரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மாற்றியமைப்பவருக்கு லெகோ தரும் பெரிய விடுதலை, எதையும் வெட்டாமல் மாற்றலாம் என்பது. பிளாரெயிலில் பெட்டியை நீளமாக்க ரம்பம் எடுக்க வேண்டும். லெகோவில் நான்கு கட்டைகளைச் சேர்த்தால் போதும். பிடிக்கவில்லையென்றால் பிரித்துவிட்டுப் பழைய வடிவத்துக்கே திரும்பலாம். அரிய தொகுப்பாக இருந்தாலும் அதன் துண்டுகளைத் தனியே எண்ணி எடுத்துவைத்துவிட்டு வேறு துண்டுகளால் விளையாடலாம். சேர்ப்பவரும் மாற்றுபவரும் ஒரே ஆளாக, மனக்கஷ்டமில்லாமல் இருக்க முடிவது இங்கேதான்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. பவர்டு அப் மையத்தில் பைப்ரிக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றி, நிலையத்தில் வேகம் குறைவது, நிற்பது, மீண்டும் கிளம்புவது எல்லாவற்றையும் நாமே எழுதலாம். மோட்டாரை மாற்றாமலே ரயிலின் குணத்தை மாற்றும் வழி இது.

இடம்தான் இதன் பிரச்சினை. ஒரு வட்டத்துக்குப் பதினாறு வளைவுகள். நடுக்கோட்டில் குறுக்களவு 64 செ.மீ. வட்டம் மட்டுமென்றால் மேசையில் அடங்கும். நிலையமும் பக்கப்பாதையும் சேர்ந்தால் தரைக்கு இறங்கியாக வேண்டும். இத்தனை குறுகிய வளைவில் நீளமான பெட்டிகள் வெளியே துருத்திக்கொண்டு பக்கத்துப் பாதை ரயிலை இடிக்கும். அகன்ற வளைவுகளை வேறு தயாரிப்பாளர்களிடம் வாங்குகிறவர்கள் பலர். அதுவும் செலவுக் கணக்கில் சேரும். 9 வோல்ட் உலோகத் தண்டவாளத்தையும் மோட்டாரையும் லெகோ 2007-வாக்கில் நிறுத்திவிட்டதால், பழைய சரக்கில் அவற்றின் விலை இறங்குவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் 9 வோல்ட் பக்கம் போக வேண்டாம் என்பேன். பேட்டரி மாற்றாமல் நாள் முழுதும் ஓடும் கண்காட்சி அமைப்பு வேண்டுமென்பவருக்கு மட்டும் அந்தச் செலவு நியாயம்.

சொந்தமாக எஞ்சினை வடிவமைக்கும் ஆசை இருந்து, கையில் பணமும் தரையில் இடமும் இருந்தால் லெகோ. முடிந்த பொருளாக வாங்கி அழகு பார்ப்பவருக்கு அதன் முக்கியமான சுவை கிடைக்காது.

## மரத் தண்டவாளம்

ஸ்வீடனின் பிரியோ 1884-இல் தொடங்கிய நிறுவனம். மர ரயிலை 1958-இல் கொண்டுவந்தது. பீச் மரத்தில் இரண்டு பள்ளங்கள், காந்தத்தில் ஒட்டும் பெட்டிகள். ஐகியாவின் லில்லாபோ உள்பட வேறு பல நிறுவனங்களின் துண்டுகளும் இதோடு சேர்வதால் தண்டவாளத்துக்குப் பஞ்சமே இல்லை.

மாற்றியமைக்க இடம் குறைவு. எஞ்சின் கையடக்கமானது, உள்ளே பேட்டரி, மோட்டார், பல்சக்கரம் ஆகியவற்றை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். புதிதாக ஒரு கம்பியை நுழைக்கக்கூட இடம் தேட வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் பள்ளத்தின் ஆழமும் இணைப்பின் இறுக்கமும் சிறிது வேறுபடும். கையால் தள்ளும்போது தெரியாத அந்த வேறுபாடு, மோட்டார் எஞ்சின் ஏறும்போது தடுக்கும். மூன்று வயதுக் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும், எஞ்சின் அதில் ஒரு பகுதிதான் என்றால் இதைவிட நல்லது கிடையாது. தண்டவாளம் அடுத்த தலைமுறைக்கும் போகும். மாற்றியமைப்பதே நோக்கமென்றால் வேறு பக்கம் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | பிளாரெயில் | டிராக்மாஸ்டர் (2014-க்குப் பின்) | லெகோ | மரத் தண்டவாளம் |
|---|---|---|---|---|
| தண்டவாளத் தொடர்ச்சி | 1959 முதல் மாறவில்லை | பழையதோடு சேர மாற்றுத்துண்டு தேவை | 1991 முதல் பொருந்தும் | நிறுவனம் தாண்டியும் சேரும் |
| பிரிப்பது | எளிது | நடுத்தரம் | பிரிப்பதற்காகவே பிறந்தது | கடினம் |
| மோட்டார் | பலவற்றில் பரவலாகக் கிடைக்கும் 130 வகை | வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் | லெகோவுக்கே உரியது | சிறியது, மாற்ற இடமில்லை |
| பழைய நிலைக்குத் திரும்புவது | மோட்டார் மாற்றினால் முடியும். வெட்டினால் முடியாது | அதேபோல் | எப்போதும் முடியும் | பொதுவாக முடியாது |
| இடம் | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | தரை வேண்டும் |
| தொந்தரவு தரும் செலவு | தபால் கட்டணம் | காலம் கலந்த பழைய சரக்கு | மின்சாரப் பகுதியை மாற்றுவது | சரியாகப் பொருந்தாத துண்டுகள் |

உண்மை ரயிலின் அளவுவிகிதமே வேண்டுமென்பவர்கள் இந்த அட்டவணையை விட்டுவிட்டு 9 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் 'என்' (N) அளவு ரயில்களைப் பார்க்கலாம். டோமியே 1976-இல் டோமிக்ஸ் என்ற பெயரில் அந்தத் துறைக்குள் வந்தது. அங்கே மின்சாரம் தண்டவாளம் வழியே வருகிறது. தண்டவாளத்தையும் சக்கரத்தையும் அடிக்கடி துடைக்க வேண்டும். அது வேறொரு பொழுதுபோக்கு.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

முதலாவது பேட்டரி. வாரம் முழுதும் ஓட்டுகிறவர் அல்கலைன் பேட்டரி வாங்கியே ஓய்ந்துவிடுவார். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் பேட்டரியும் நல்ல சார்ஜரும் முதல் மாதத்திலேயே வாங்க வேண்டியவை. அல்கலைன் 1.5 வோல்ட், நிக்கல் 1.2 வோல்ட். ஒரே பேட்டரியில் ஓடும் பிளாரெயிலில் இந்த வேறுபாடு தொடக்கத்தில் கொஞ்சம் தெரியும். ஆனால் நிக்கல் பேட்டரி கடைசிவரை ஏறத்தாழ ஒரே வேகத்தில் இழுக்கும், அல்கலைன் மெல்ல மெல்லத் தளரும். ஆறு ஏஏஏ போடும் லெகோ மையத்தில் கூட்டினால் 9 வோல்ட்டுக்கும் 7.2 வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாடு. சேகரிப்பில் வைக்கும் வண்டியில் பேட்டரியை ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாது. அல்கலைன் கசிந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தொடுதகட்டை அரித்து வெள்ளையாகப் பூத்துவிடும். வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் அதைத் தணித்து, நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டால் பல வண்டிகள் பிழைத்துக்கொள்ளும். தகடு இற்றுப்போயிருந்தால் புதிதாக வெட்டிப் போட வேண்டும்.

இரண்டாவது ரப்பர் வளையம். மோட்டார் திருப்பும் சக்கரத்தில் சுற்றியிருக்கும் மெல்லிய வளையம்தான் வண்டியை இழுக்கிறது. அது கெட்டித்துப்போனால் மோட்டார் முழு வேகத்தில் சுற்றியும் வண்டி ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே உரசிக்கொண்டிருக்கும். "மோட்டார் போய்விட்டது" என்று விற்கப்படும் பழைய வண்டிகளில் கணிசமானவை வளையம் போனவையும், அச்சில் முடி சுற்றியவையும்தான். கம்பளத்தில் ஓடிய வண்டியைத் திருப்பிப் பாருங்கள். சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் தலைமுடியும் நூலும் சேர்ந்து ஒரு கரிய பட்டையாக இறுகியிருக்கும். கூரான இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து, சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இழுத்தால் முழுநீளமாக வந்துவிடும். பிறகு பல்சக்கரத்துக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ், ஊசி முனையளவு. கிரீஸ் அதிகமானால் தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும்.

மூன்றாவது, ஒரு மாற்றம் இன்னொரு மாற்றத்தைக் கேட்பது. பலரும் ஆசைப்படும் முதல் மாற்றம் முன்விளக்கு. வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒரே ஏஏ பேட்டரியில் 1.5 தான் இருக்கிறது. நேரே இணைத்தால் மினுக்கென்றுகூட எரியாது. ஆகவே மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று வேண்டும், அதற்கு மேல்கூட்டுக்குள் இடம் வேண்டும். அந்த நேரத்தில்தான் ஏஏ அளவிலேயே இருக்கும் 14500 லித்தியம் பேட்டரியை ஒருவர் சிபாரிசு செய்வார். அதன் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. 1.5 வோல்ட்டுக்கென வடிவமைத்த மோட்டாரில் அதை நேரடியாகப் போட்டால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் தூரிகைகள் தீய்ந்து, தொடுதகடு சூடேறி, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றும், அளவுக்கு மேல் காலியாகாமல் தடுக்கும் பாதுகாப்பும் இல்லாமல் லித்தியத்தைத் தொடாதீர்கள். குழந்தைகள் எடுத்து விளையாடும் வண்டியில் அதுவும் வேண்டாம்.

வேகமான மோட்டாரும் இதே கதைதான். சுழற்சி கூடினால் மின்னோட்டமும் கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும், பல்சக்கரம் தேயும், வளைவில் வண்டி கவிழும். கவிழாமலிருக்க எடை சேர்ப்பார்கள். எடை சேர்ந்தால் ரப்பர் வளையம் தேயும். இழுவைத் திறன்தான் வேண்டுமென்றால், வேகத்தை உயர்த்தாமல் முறுக்குவிசை கூடிய மோட்டாரைத் தேடுவது அறிவு. ஐந்தாறு பெட்டிகளை இழுத்து ஏற்றத்தில் நிதானமாக ஏறும் வண்டியைப் பார்க்கும் நிறைவு, சுவரில் மோதும் வேகத்தில் எனக்குக் கிடைப்பதில்லை.

நான்காவது, வைக்கும் இடம். வெள்ளைப் பிளாஸ்டிக் வெயிலின் புற ஊதாக் கதிரால் மஞ்சளாகும். ஒட்டுப்படங்கள் சூட்டில் உரியும். மென்மையான வினைல் பாகம் ஏதேனும் பாலிஸ்டிரீன் உடலைத் தொட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்கில் இருந்தால், அந்த இடம் உருகினாற்போல் குழிந்துவிடும். ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே அமிலமற்ற தாளில் சுற்றி வைப்பது இதற்காகத்தான்.

## அப்படியே வைப்பதா, மாற்றுவதா

தண்டவாளம் முடிவானபின் எஞ்சுவது இந்தக் கேள்வி. பெட்டியோடு, கையேட்டோடு, ஒட்டுப்படம் ஒட்டாமல் இருக்கும் வண்டிக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். நாம் அழகாக அடித்த பெயின்ட்டுக்கு அந்தச் சந்தையில் மதிப்பு இல்லை. எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது "மாற்றப்பட்டது"தான். ஆகவே தயாரிப்பு நின்றுபோன, முழுமையாக இருக்கும் வண்டியில் கத்தி வைக்காதீர்கள். அதே வண்டி விரிசலோடும் ஒட்டுப்படம் இல்லாமலும் எங்காவது கிடைக்கும். மாற்றுவதற்கு அதுதான் தகுந்தது. அதை உயிர்ப்பிப்பதில் எந்தக் குற்ற உணர்வும் இல்லை.

சுத்தம் செய்வதும், ரப்பர் வளையம் மாற்றுவதும், தொடுதகட்டைத் தேய்ப்பதும் மாற்றத்தில் சேராது, அவை பராமரிப்பு. மோட்டார் மாற்றம் நடுவில் நிற்கிறது: கழற்றிய மோட்டாரை வண்டியின் பெயர் எழுதிய சிறு உறையில் போட்டு, அதே பெட்டிக்குள் வைத்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். வெட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் திரும்ப முடியாத பக்கம். சேர்ப்பதிலும் மாற்றுவதிலும் ஒரே அளவு ஆசை உள்ளவர் ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு வாங்கத் தொடங்குவார். செலவு அங்கேதான் கைமீறும். அப்படிப்பட்டவர் லெகோவை இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாம், அல்லது பிளாரெயிலில் மேல்கூடுகளைச் சேர்த்து, ஓட்டுவதற்கு இரண்டு மூன்று நல்ல அடிச்சட்டங்களை மட்டும் தயார் செய்துகொள்ளலாம்.

பிளாரெயிலை எடுத்துக்கொண்டவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். நீண்ட ரயிலுக்காக இரண்டு மோட்டார் பெட்டிகளை இணைக்க ஆசை வரும். இணைக்கும் முன் இரண்டையும் ஒரே அளவு சார்ஜ் உள்ள பேட்டரியோடு, கொக்கி மாட்டாமல், நேர்ப்பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுங்கள். இடைவெளி ஏறக்குறைய மாறாமல் இருந்தால் இணைக்கலாம். ஒன்று விலகிப்போனாலோ, பின்னால் வருவது முன்னதை முட்டினாலோ இணைக்க வேண்டாம். மெதுவானது வேகமானதைப் பிடித்து நிறுத்தும், ரப்பர் வளையம் வழுக்கித் தேயும். முதலில் மெதுவான பெட்டியின் அச்சில் முடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்தபின்னும் வேகம் ஒத்துவராவிட்டால், ஒன்றின் மோட்டாரைக் கழற்றி, பல்சக்கரத்தையும் விடுவித்து, அதை வெறும் பெட்டியாக இழுத்துச் செல்லவிடலாம். கழற்றியதை உறையில் போட்டுப் பெயரெழுத மறக்காதீர்கள்.